சித்துவின் பொம்மைகளும் உங்கள் இரும்புக் கட்டிலும்

தாத்தா, நடந்த எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எழுதப் போகிறேன். அழகாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்கமாட்டேன். பயமாக இருக்கிறது என்று எதையும் விடவும் மாட்டேன். நீங்கள் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தில் ஆள் வரவு எழுதுகிற கிளார்க்கை ‘ரைட்டர்’ என்பார்கள் என்று சொல்லி, எப்போதும் எதையாவது எழுதிக்கொண்டிருக்கிற என்னை ‘ரைட்டரம்மா’ என்று கூப்பிடுவீர்கள். அந்தப் பேருக்காவது ஒழுங்காக எழுத வேண்டும்.

இன்று மத்தியானம் தம்பி சித்துவின் வாயிலிருந்து உங்கள் மப்ளரைப் பிடுங்க வேண்டியிருந்தது. எச்சிலில் ஊறிய அந்த ஓரத்திலும் நீலகிரித் தைலத்தின் வாசனை போகவில்லை. நீங்கள் போனபின் வீட்டில் எல்லாத் துணியையும் துவைத்த அம்மா, அதை மட்டும் துவைக்காமல் மடித்து வைத்தாள். சித்து எப்படியோ அதைக் கண்டுபிடித்துவிட்டான். அந்த வாசனைக்கே எனக்குப் பயம் வந்தது. இப்போதெல்லாம் எது நடந்தாலும் முதலில் பயம்தான் வருகிறது. அதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியாது. தெரிவதற்குள் போய்விட்டீர்கள்.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட வாரமே அம்மா மறுபடியும் தையல் ஃபேக்டரிக்குப் போக ஆரம்பித்தாள். அப்பா வழக்கம்போல விடிவதற்கு முன்னால் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு ஓடி, பெங்களூரு ரயிலைப் பிடித்துவிடுவார். பகல் முழுவதும் வீட்டில் நீங்கள், நான், ஆறு மாதம் முடிந்த என் தம்பி சித்து. சமைப்பதும் பாட்டில் கழுவுவதும் என் வேலை. அவனுக்கு விளையாட்டுக் காட்டுவது உங்கள் வேலை. ஜன்னலோரம் போட்டிருந்த உங்கள் இரும்புக் கட்டில்தான் அவனுக்கு ஊர், உலகம் எல்லாம்.

நீங்கள் ஒரு பொம்மைகூட வாங்கியதில்லை. சாப்பிட்டுக் கழுவிய எவர்சில்வர் தட்டை வெயிலில் சாய்த்து, உத்தரத்தில் ஒரு வெளிச்ச வட்டத்தை ஓடவிடுவீர்கள். அவன் கண் அதன் பின்னாலேயே ஓடும். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அவன் அழப்போகிற நேரம் பார்த்து எடுப்பீர்கள். எல்லாவற்றிலும் அவனுக்குப் பிடித்தது கேஜ் விளையாட்டு. முழங்காலில் அவனை உட்கார வைத்து, சுரங்கத்துக்குள் ஆட்களோடு இறங்குகிற கூண்டுக்கு மணி அடிப்பதுபோலக் கட்டில் கம்பியில் டண் டண் என்று தட்டிவிட்டு, "கேஜ் எறங்குது. கெட்டியா புட்ச்சிக்க. லெவல் வந்துட்ச்சி, இன்னா பாக்குற, எறங்கு," என்று காலை மெதுவாக இறக்குவீர்கள். நாள் போகப் போக, கம்பியைத் தட்டினாலே அவன் வாயைப் பிளந்துகொண்டு தயாராகிவிடுவான்.

கம்பியைத் தட்டுவது நம் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். ட்ரில்லிங் மெஷின் உங்கள் காதுகளைத் தின்று முடித்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. "ஒரு காத கம்பெனிக்கி குடுத்தேன். இன்னொன்னு, நான் மட்டும் இன்னாத்துக்குன்னு அதுவும் கூடவே போய்ட்ச்சி," என்று சிரிப்பீர்கள். படுத்திருக்கும் உங்களைக் கூப்பிட யாரும் கத்துவதில்லை. கட்டில் கம்பியைத் தட்டுவோம், நீங்கள் திரும்புவீர்கள். முகத்தைப் பார்த்துத்தான் பேசுவோம். சித்து பிறந்த பிறகு அவனும் அதே கட்டிலில் கிடந்ததால், அவனையும் அப்படியே கூப்பிட்டோம். "சித்து" என்று சொல்லும்போதே கை தானாகக் கம்பிக்குப் போய்விடும். அவன் உடனே திரும்புவான். "பாரு, எவ்ளோ ஷார்ப்பு," என்று அம்மா பூரித்துப்போவாள்.

அந்த நாளையும் எழுதிவிடுகிறேன். மத்தியானம் கஞ்சி ஆற்றி எடுத்து வந்தேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். சித்து உங்கள் முதுகை ஒட்டி விழித்துக்கொண்டு கிடந்தான். கம்பியைத் தட்டினேன். அவன் திரும்பிச் சிரித்தான். நீங்கள் திரும்பவில்லை. மறுபடியும் தட்டினேன். மறுபடியும் அவன்தான் திரும்பினான். மூன்றாவது முறை தட்டுவதற்கு எனக்குக் கை வரவில்லை.

புத்த வழக்கப்படி திரிசரணம் சொல்ல ஆட்கள் வந்தார்கள். ஸ்கெலட்டன் லைனில் இருந்து உங்கள் பழைய ஷிப்ட் கூட்டாளிகள் கோல் ஊன்றிக்கொண்டு வந்தார்கள். செத்தவர் படுத்த கட்டில் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். "பஞ்சசீலம் சொல்ற வூட்ல இதெல்லாம் இன்னாத்துக்குங்க," என்றார் அப்பா. ஆனால் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீட்டு முன்னறையில் அத்தனை பேர் உட்கார இடமில்லாததால், அவரே அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போட்டார். சித்துவுக்குத் தரையில் பாய் விரித்தோம்.

அன்றிலிருந்து சித்து மாறிவிட்டான், தாத்தா. கூப்பிட்டால் திரும்புவதில்லை. பாயில் மல்லாந்து கிடந்து உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். எதிரே போய் உட்கார்ந்தால் சிரிப்பான். முதுகுப் பக்கம் நின்று எவ்வளவு கொஞ்சினாலும் கல் மாதிரி கிடப்பான். எல்லோரும் அதை ஏக்கம் என்றார்கள். பக்கத்து வீட்டு ரோஸி ஆன்ட்டி அம்மாவை வாசலுக்கு இழுத்து, "கெழவரு இவன் கையையும் புட்ச்சிக்னு போவப் பாக்குறாரு. சும்மா இருக்காத, மந்திரிச்சி ஒரு கயிறு கட்டு," என்றார். குரலைத் தாழ்த்திச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். எனக்கு அத்தனையும் கேட்டது.

உண்மையை எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா? அதற்குப் பிறகு சில நாட்கள் உங்களை நினைத்தே பயந்தேன். சித்து உத்தரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே நீங்கள் இருக்கிறீர்களோ என்று நானும் அண்ணாந்து பார்ப்பேன். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரியும். தெரிந்தும் பயந்தேன்.

அம்மா கயிறு கட்ட ஒத்துக்கொள்ளவில்லை. "ஏக்கம்னா வெளையாட்டுக் காட்டினா போய்டும். நீதான் கத புக்கா படிக்கிறியே, எதுனா யோசிச்சிக் காட்டு," என்றாள். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ராபர்ட்சன்பேட்டைக்கு அழைத்துப் போனார். கடையில் நான் ஒவ்வொரு பொம்மையாக எடுத்துச் சோதித்தேன். விழுங்குகிற அளவுக்குச் சின்னதாக இருக்கக் கூடாது, சாயம் உரியக் கூடாது, முனை குத்தக் கூடாது. ஒரு கரடியின் கண்ணை இழுத்துப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது.

"இன்னாம்மா, வாங்க வந்தியா, பிச்சிப் போட வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"நான் இழுத்தா வர்றது, கொழந்த இழுத்தாலும் வருமில்ல அங்கிள்?"

"எப்பா சாமி. எத்தன மாசம் கொழந்தைக்கி?"

சொன்னேன். ஒரு கிலுகிலுப்பையையும், அமுக்கினால் கத்துகிற மஞ்சள் வாத்தையும் எடுத்து வைத்தார். "சவுண்டு வர்றதுதாம்மா கொழந்தைங்களுக்கு புடிக்கும். இத்த ஆட்னா, அழுவுற கொழந்தகூட கப்புனு நின்னு பாக்கும்."

சித்து பார்க்கவில்லை. தலைக்குப் பின்னால் கிலுகிலுப்பையை ஆட்டினேன். தன் கால் கட்டைவிரலைப் பிடிக்கும் வேலையில் மும்முரமாக இருந்தான். முன்னால் கொண்டுவந்து காட்டியதும் பாய்ந்து பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான். ஆட்டினால் சத்தம் வரும் என்று கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தேன். அவன் ஆட்டவே இல்லை. கடித்தான், அவ்வளவுதான். வாத்தும் அப்படித்தான். அதன் நிறம் பிடித்திருந்தது, கத்தல் அவனுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

வேறு பொம்மைகளை நானே செய்தேன். அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் கறுப்புக் கட்டங்களும் வட்டங்களும் வரைந்து ஆட்டினேன், கண்ணை எடுக்காமல் பார்த்தான். அப்பா முகம் மழிக்கிற கண்ணாடியைக் காட்டினேன், உள்ளே இருந்த குழந்தையை முத்தமிட்டு எச்சிலாக்கினான். பழைய புடவைத் துண்டுகளை முடிச்சுப் போட்டு ஒரு டப்பாவுக்குள் இருந்து உருவவிட்டேன், வெகுநேரம் உருவிக்கொண்டிருந்தான். இவ்வளவு கெட்டிக்காரன் ஏன் கூப்பிட்டால் திரும்பமாட்டேன் என்கிறான் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. உங்களைப்போலப் பிடிவாதம் என்று நினைத்தேன்.

ஒருநாள் ரோஸி ஆன்ட்டி நம் அடுக்களையில் தட்டு அடுக்கு முழுவதையும் கை தவறிக் கீழே போட்டுவிட்டார். லைன் முழுக்கக் கேட்டிருக்கும். எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது. பாயில் தூங்கிக்கொண்டிருந்த சித்துவுக்கு இமைகூட அசையவில்லை.

"பாத்தியாடி," என்று ஆன்ட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார். "ட்ரில்லர் பேரன்னா சும்மாவா. வெடி வெச்சாலும் அசராத ரத்தம்."

அன்று சாயங்காலம் அதைக் கேட்டு அப்பா எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா? நம் ஊரில் பயப்படாத குழந்தை என்றால் எல்லோருக்கும் ஒரு பெருமை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என்னவோ ஒன்று சரியில்லை என்று தோன்றியது. அது என்னவென்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

பிடிபட்டது ஜெனியால்தான். ஜெனி ரோஸி ஆன்ட்டியின் பேத்தி, சித்துவின் வயதுதான். ஆன்ட்டி ரேஷன் கடைக்குப் போகும்போது அவளை என்னிடம் விட்டுப் போனார். இரண்டு பேரையும் எதிரெதிரே தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தேன். சித்துவின் முதுகுப் பக்கமிருந்து வாத்தை அமுக்கினேன். ஜெனி சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சித்து ஜெனியைப் பார்த்தான். அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்த்தான். பிறகு மெதுவாக அந்தப் பக்கம் திரும்பி, என்னைக் கண்டு சிரித்தான். ஜெனிக்குப் பின்னால் போய் அமுக்கினேன். அவள் திரும்பினாள், அவன் எதிரே இருந்த என்னைப் பார்த்துச் சிரித்தான். ஜெனியின் முகத்தில் துண்டைப் போட்டுவிட்டு மறுபடியும் அவன் பின்னால் போனேன். அமுக்கினேன். துண்டுக்குள் இருந்தே அவள் தலை என் பக்கம் நிமிர்ந்தது. சித்து அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குக் காது கேட்கவில்லையோ என்று முதல்முறையாகத் தோன்றியது. ஆனால், கட்டிலில் இருந்தபோது நன்றாகத்தானே திரும்பினான் என்று நினைத்தேன். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு சமாதானமாகப் பார்த்தேன். அதுவே என்னைப் பின்பக்கம் துரத்தியது.

ஜெனியை ஆன்ட்டி தூக்கிப் போனதும், சித்துவை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல் பக்கம் போனேன். உங்கள் கட்டிலில் வெள்ளை மண் படிந்திருந்தது. காற்றடித்தால், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைட் மேட்டிலிருந்து வருமே, அதே மண். துடைத்துவிட்டு, பாயை மடித்துப் போட்டு அவனைப் படுக்க வைத்தேன். அவன் தலைமாட்டுக்குப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சித்து" என்றேன். ஒன்றுமில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். கத்தினேன். எங்கோ ஒரு வீட்டில் ‘இன்னாம்மா’ என்று யாரோ பதிலுக்குக் கேட்டார்கள். சித்து திரும்பவில்லை. பிறகு வாயை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல், கம்பியை மெதுவாகத் தட்டினேன். அவன் உடம்பு முழுவதும் மலர்ந்தது. வாயைப் பிளந்துகொண்டு, கேஜ் இறங்கத் தயாராகத் திரும்பினான்.

அவனுக்கு இத்தனை நாளும் நாங்கள் கூப்பிட்டது கேட்கவே இல்லை, தாத்தா. கம்பியின் அதிர்வு முதுகில் தெரிந்திருக்கிறது. உங்களைக் கூப்பிடுகிற வழியிலேயே அவனையும் கூப்பிட்டு, அவனுக்குக் காது கேட்கிறது என்று நம்பியிருக்கிறோம். வேறு எந்த வீட்டிலாவது இருந்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். நீங்கள் காட்டிய விளையாட்டுகள் எதிலும் சத்தம் தேவைப்படவில்லை. அது உங்களுக்கும் தேவைப்படவில்லை, அவனுக்கும் தேவைப்படவில்லை. அதனால்தான் நீங்கள் இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள். அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன்.

யாரிடம் சொல்வது? சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம். சொல்லாவிட்டால் அவன் பேச்சே வராமல் வளர்ந்துவிடுவானே என்று அதைவிடப் பெரிய பயம். அம்மா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"வாய மூடு," என்றாள் அம்மா. "அந்தப் பக்கம் கேக்கப்போவுது. படிச்ச திமிருல எதுனா உளறாத. தாத்தாக்கு மாதிரின்னு சொல்ல வர்றியா? அவருக்கு மெஷினாலம்மா."

"நீயே கூப்ட்டுப் பாரும்மா. கையால எதையும் தொடாத. அவன் பாக்காத பக்கம் நின்னு கூப்டு."

கூப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. கதவோரம் வந்து நின்று, "சித்து. சித்துக் கண்ணு. அம்மா வந்துட்டேண்டா. சித்து," என்று கூப்பிட்டாள். குரல் ஒவ்வொரு தடவையும் சின்னதாகிக்கொண்டே போனது. அவன் கிலுகிலுப்பையைக் கடித்துக்கொண்டிருந்தான். அம்மா கதவைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா ரயிலிலிருந்து வந்ததும், "கட்டில தட்னா திரும்புறான்ல? அப்பொ கேக்குதுன்னுதான அர்த்தம்," என்றார்.

"அது காதுக்குத் தெரியலப்பா. ஒடம்புக்குத் தெரியுது."

அவர் பின்பக்கம் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். என்னைக் கம்பியைத் தட்டச் சொல்லிவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். தட்டினேன். காதிலிருந்து கையை எடுக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.

பெங்களூரு ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் சித்துவுடன் போனோம். அவனைத் தூங்க வைத்து, தலையில் ஒயர்களை ஒட்டி, கனமான கதவுள்ள சின்ன அறையில் சோதித்தார்கள். கதவு மூடியதும் வெளிச் சத்தம் எல்லாம் அறுந்துவிட்டது. நீங்கள் கூண்டில் இறங்கும்போது இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த இடம் சிவந்துபோயிருந்தது.

இரண்டு காதிலும் கேட்பது மிகவும் குறைவு என்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னார். முதலில் காது மெஷின் போட்டுப் பயிற்சி தர வேண்டும், அது போதவில்லை என்றால் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்றார். அம்மா கேட்க முடியாமல் தவித்ததை நான் கேட்டேன். தாத்தாவிடமிருந்து வந்ததா என்று. அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "மெஷின் சத்தத்துல போன காது பேரனுக்கு வராதும்மா. இதுக்குக் காரணம் வேற, அத டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்." தாத்தா, இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முக்கியமாக இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். உங்களிடமிருந்து வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டிருப்பீர்கள்.

அவனோடு என்ன விளையாடுகிறோம் என்று டாக்டரம்மா கேட்டார். அட்டை, கண்ணாடி, புடவை டப்பா, தட்டு வெளிச்சம், கேஜ் எல்லாம் சொன்னேன். ஒன்றையும் நிறுத்த வேண்டாம் என்றார். மெஷின் வந்ததும் கிலுகிலுப்பையை முதலில் காட்டி, பிறகு ஆட்டி, பிறகு மறைத்து ஆட்ட வேண்டுமாம். "நல்லவேள, சீக்கிரமே கூட்டிட்டு வந்தீங்க," என்றார். அதைக் கேட்டுத்தான் அம்மா அழுதாள்.

காது மெஷின் அடுத்த வாரம் வருகிறது. எல்லோரும் தைரியமாக இருப்பதுபோல நடக்கிறோம். ரோஸி ஆன்ட்டிகூட, "நம்ம லைன்ல காது கேக்காத ஆளுங்களா கம்மி? அவங்கள்லாம் குடும்பம் நடத்தல?" என்று அம்மாவைத் தேற்றிவிட்டு, வீட்டுக்குப் போய் அழுததாக அவர் மகள் சொன்னாள். நான் தைரியமாக இல்லை. அவன் நடக்க ஆரம்பித்து, பின்னால் ஆட்டோ வந்தால் என்ன செய்வான்? மெஷினைப் போட்டதும் உலகத்தின் முதல் சத்தம் அவனை மிரட்டிவிடுமோ? அந்த முதல் சத்தம் யாருடையதாக இருக்கும்?

இப்போது நான் அவன் எதிரே, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்துதான் பேசுகிறேன். அப்படி உட்கார வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களோடு பேசிப் பேசிப் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தில்கூட நான் எல்லோரிடமும் வாயை அகலத் திறந்து பேசுகிறேன் என்று சிநேகிதிகள் கிண்டல் செய்வார்கள். அதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று இருந்தேன். இனி மாற்றமாட்டேன்.

ராத்திரி மட்டும்தான் கஷ்டம். இருட்டில் எங்கள் முகம் தெரியாததால் அவன் அழுகிறான். இரண்டு நாளாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். அவன் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் பேசுகிறேன். அதிர்வு தெரியும்வரை அழுவதில்லை. நிறுத்தினால் விரலால் தட்டுகிறான், இன்னும் பேசு என்று. நேற்று பேச ஒன்றும் இல்லாமல் வாய்ப்பாடு சொன்னேன். இன்று இந்தக் கடிதத்தைச் சொல்லப் போகிறேன், முதல் வரியிலிருந்து. அம்மா, "போதும் எழுதனது, புள்ள தூங்கணும்," என்கிறாள். சித்து ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டு கிடக்கிறான். இந்த வரியைக் கோணலாகத்தான் எழுதுகிறேன். அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.